பொருள் தகராறான குழந்தைப் பெயர்கள்: கடலூர், புதுச்சேரிப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தொட்டில் போடும் நாள் நெருங்க நெருங்க வீட்டில் பெயர்ப் பட்டியல் நீளும். அதில் பாதிப் பெயருக்கு ஒவ்வொருவரும் ஒவ்வொரு பொருள் சொல்வார்கள். சில பெயர்களுக்கு மொழியறிஞர்களே ஒத்த முடிவுக்கு வரவில்லை. சில பெயர்களுக்குப் பொருள் தெளிவாக இருந்தும், பட்டியல் போட்டவர்கள் தவறாக எழுதிவைத்திருக்கிறார்கள். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க இந்தப் பக்கம் உதவும்.

பெயரின் பொருள் "உறுதியில்லை" என்றால் என்ன அர்த்தம்?

மூன்று வகை உண்டு, மூன்றும் வேறு வேறு.

முதல் வகையில் வேர்ச்சொல்லே தொலைந்துபோயிருக்கும். அந்தோணி என்ற பெயர் அந்தோனியுஸ் என்ற பழைய ரோமானியக் குடிப்பெயரிலிருந்து வந்தது. அந்தக் குடிப்பெயருக்கு என்ன பொருள் என்பது பிடிபடவில்லை. எத்ருஸ்கன் என்ற பழைய இத்தாலிய மொழியாக இருக்கலாம் என்று கருதுகிறார்கள், அவ்வளவுதான்.

இரண்டாவது வகையில் நியாயமான விளக்கங்கள் இரண்டு மூன்று இருக்கும், எது சரி என்று முடிவாகியிருக்காது. நம் பக்கத்துச் சிதம்பரமே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கீழே விரிவாக வருகிறது.

மூன்றாவது வகைக்கு மூலப்பொருள் என்று ஒன்று இருந்ததே இல்லை. யாரோ ஒருவர் ஓசைக்காகக் கட்டிய பெயர். வனெஸ்ஸா என்ற பெயரை ஜோனதன் ஸ்விஃப்ட் என்ற ஐரிஷ் எழுத்தாளர் தம் தோழிக்காக உருவாக்கினார். தோழியின் பெயர் எஸ்தர் வானோம்ரி. குடும்பப் பெயரின் "வான்", எஸ்தரைச் செல்லமாகக் கூப்பிடும் "எஸ்ஸா", இரண்டையும் சேர்த்தார். அந்தப் பெயர் வரும் கவிதை 1726-ல் அச்சானது. வனெஸ்ஸாவுக்குப் "பட்டாம்பூச்சி" என்று பொருள் போட்டிருப்பார்கள். பட்டாம்பூச்சி இனம் ஒன்றுக்கு அந்தப் பெயரைப் பிற்பாடுதான் வைத்தார்கள்.

ஆரவ் என்றால் "அமைதி" என்று எல்லாத் தளத்திலும் இருக்கிறதே, சரிதானா?

இல்லை. இது நன்றாகத் தெரிந்துகொள்ள வேண்டிய பெயர், ஏனென்றால் தவறு எப்படி உருவாகிறது என்பது இதில் முழுசாகத் தெரிகிறது.

சமஸ்கிருதத்தில் "ஆரவ" என்றால் ஒலி, முழக்கம், கூச்சல். தமிழில் "ஆரவாரம்" எல்லோருக்கும் தெரிந்த சொல். "ஆரவம்" என்றாலும் ஒலிதான். அப்படியானால் அமைதி எங்கிருந்து வந்தது? "ரவ" என்றால் ஒலி, முன்னால் "அ" சேர்த்தால் "ஒலியற்ற" என்று யாரோ பிரித்திருக்க வேண்டும். அப்படிப் பிரித்தால் வருவது குறில் தொடங்கும் "அரவ்", நெடில் தொடங்கும் "ஆரவ்" அல்ல. ஆங்கிலத்தில் இரண்டையும் ஒரே "ஏ" போட்டு எழுதுவதால் குறிலும் நெடிலும் கலந்துவிட்டன. ஒரு தளத்தில் ஏறிய பொருளை அடுத்த தளம் அப்படியே எடுத்துக்கொண்டது.

குறிலாக எழுதினால் தமிழில் இன்னொரு சிக்கல். அரவு, அரவம் என்றால் பாம்பு. கூவாகத்து அரவானின் பெயரையும் இந்தச் சொல்லோடு சேர்த்தே மக்கள் புரிந்துகொள்கிறார்கள், தாய் உலூபி நாககன்னி என்பதால். வடமொழிப் பாரதத்தில் அவன் பெயர் இராவான். அதுதான் தமிழில் அரவான் ஆகி, பாம்போடு போய் ஒட்டிக்கொண்டது.

ஆரவ் வைக்கக் கூடாது என்பதல்ல. "ஓசை, முழக்கம்" என்று உண்மையான பொருளைச் சொல்லி வையுங்கள். நல்ல பொருள்தான்.

பொருளைச் சரிபார்க்க வீட்டிலேயே என்ன செய்யலாம்?

அரை மணி நேரம் போதும். வரிசை முக்கியம்.

முதலில் பெயரைத் தமிழ் எழுத்தில் எழுதுங்கள். குறிலா நெடிலா, "த"வா "ட"வா என்று அப்போதுதான் தெரியும். ஆங்கில எழுத்தில் தேடினால் நீலா, நிலா, நிளா மூன்றும் ஒன்றாகிவிடும். நிலா தமிழ்ச் சொல், சந்திரன். நீலா சமஸ்கிருத "நீல" என்ற நிறச்சொல்லிலிருந்து வந்தது.

அடுத்து, எந்த மொழிப் பெயர் என்று ஊகியுங்கள். தளம் "சமஸ்கிருதம்" என்று சொன்னால் மோனியர் வில்லியம்ஸின் 1899-ஆம் ஆண்டு சமஸ்கிருத அகராதியில் பாருங்கள். தமிழ் என்றால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன். 1924 முதல் 1936 வரை 6 தொகுதிகளாக வந்தது. பாரசீகம் என்றால் ஸ்டைங்காஸின் அகராதி, அரபு என்றால் ஹான்ஸ் வேரின் அகராதி. தமிழா வடமொழியா என்ற சந்தேகத்துக்கு பர்ரோ, எமனோ இருவரும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி. இவற்றில் தமிழ் லெக்சிகனும் ஸ்டைங்காஸும் திராவிட அகராதியும் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தளத்தில் இலவசமாகத் தேடக் கிடைக்கின்றன. மோனியர் வில்லியம்ஸைக் கொலோன் பல்கலைக்கழகத் தளத்தில் பார்க்கலாம்.

மூன்றாவது, சொல் கிடைத்தால் அதன் முதல் பொருளைப் பாருங்கள், ஏழாவது பொருளை அல்ல. பட்டியல் போடுகிறவர்கள் வரிசையில் கடைசியாக இருக்கும் அழகான ஒன்றைப் பொறுக்கி எடுப்பது வழக்கம்.

சொல்லே கிடைக்காவிட்டால், பின்னொட்டை வெட்டிப் பாருங்கள். இப்போது புழங்கும் பெயர்கள் பலவற்றில் "இகா", "ஸ்ரீ", "ஷா" கடைசியில் சேர்க்கப்பட்டிருக்கும். தன்விகாவில் "இகா"வை எடுத்தால் தன்வி, மெல்லிய உடலுடையவள். வெட்டிப் பார்த்தும் எதுவும் கிடைக்கவில்லையா? அது கட்டிய பெயர். பத்துத் தளங்கள் ஒரே பொருளைச் சொன்னாலும் அது பத்துச் சாட்சி ஆகாது. ஒன்றிலிருந்து ஒன்பது நகல்.

கியாரா, தியா, மாயா, அயான், தான்யா: எந்த நாட்டிலும் செல்லும் பெயர் என்கிறார்கள். மூலம் எது?

இந்த ஐந்தும் ஓசை ஒத்த வெவ்வேறு பெயர்கள் ஒன்றாகச் சேர்ந்த கதை.

கியாராவில் நேர் எதிரான இரண்டு பொருள் மோதுகின்றன. இத்தாலிய கியாரா லத்தீன் "கிளாரா"விலிருந்து வந்தது: தெளிவு, ஒளி. புதுச்சேரியில் கேட்கும் கிளேர் என்ற பிரெஞ்சுப் பெயரும் இதே வேர். ஐரிஷ் மொழியிலோ கீரா என்று உச்சரிக்கப்படும் ஒரு பெயர் இருக்கிறது. அதன் வேர் "கியர்", கருமை. இரண்டையும் இன்று கியாரா என்றே படிப்பவர்கள் உண்டு. எது வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்து, அதற்கேற்ற எழுத்துக்கூட்டலை வையுங்கள்.

தியாவில் சண்டையே இல்லை. இந்தியில் தியா என்றால் அகல் விளக்கு, "தீபம்" திரிந்து வந்தது. அரபியில் தியா என்றால் ஒளி, வேறு வேர். இரண்டு மொழிகள் தொடர்பில்லாமல் ஒரே இடத்துக்கு வந்திருப்பது அபூர்வம். மதம் கலந்த குடும்பங்களுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எளிதில் கிடைக்காது.

மாயா: சமஸ்கிருதத்தில் மாயை; கிரேக்கத்தில் மாயா ஒரு தேவதை; எபிரேயத்தில் "மயிம்" என்ற நீரோடு சேர்க்கிறார்கள்.

அயானுக்குப் பாரசீகத்தில் "வெளிப்படையானது", சோமாலி மொழியில் "அதிர்ஷ்டம்", சமஸ்கிருத "அயன"வில் "பாதை, செல்லுதல்". உத்தராயணத்தில் இருப்பது அந்த அயனம்தான். "கடவுளின் பரிசு" என்று தளங்கள் போடுவது இவற்றில் எதிலும் இல்லை. தமிழில் எழுதும்போது கவனம் வேண்டும். அயன் என்றால் பிரம்மன், ஆயன் என்றால் மேய்ப்பன், அயான் மூன்றாவது. ஆங்கிலச் சான்றிதழில் மூன்றும் ஒரே மாதிரி தெரியும்.

தான்யா ரஷ்யாவில் தத்தியானாவின் சுருக்கம். அதன் மூலமான தாத்தியுஸ் என்ற சபீனியப் (பழைய இத்தாலிய இனத்தாரின்) பெயருக்குப் பொருள் தெரியாது. தமிழ்நாட்டில் வைப்பவர்கள் மனதில் வைப்பது பெரும்பாலும் "தன்யா", பேறு பெற்றவள். அப்படியானால் "தன்யா" என்று குறிலாகவே எழுதுங்கள்.

ரியா என்றால் பாடகியா?

பாடகி என்ற பொருளில் ரியா என்றொரு சமஸ்கிருதச் சொல் அகராதியில் இல்லை. ஐரோப்பாவில் மரியாவின் சுருக்கமாக ரியா உண்டு. ஸ்பானிய மொழியில் ரியா என்றால் கடல் உள்ளே புகுந்த ஆற்று முகத்துவாரம். கடலூரில் கெடிலம் கடலோடு சேரும் இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கிரேக்கத் தாய்த்தெய்வம் ரியாவின் பெயர் தீராத புதிர். பிடித்திருந்தால் ஓசைக்காக வையுங்கள்.

மரியா, லூர்து, சவரி: தலைமுறையாக வைக்கும் பெயர்களுக்குமா சந்தேகம்?

மரியாவுக்கு நிறையவே. எபிரேய மிரியாம்தான் மூலம். அதற்குக் "கசப்பு", "எதிர்ப்பு", "விரும்பிப் பெற்ற குழந்தை" என்றெல்லாம் விளக்கம் உண்டு. எகிப்திய மொழியில் "அன்புக்குரிய" என்ற சொல்லிலிருந்து வந்தது என்பாரும் உண்டு. நம் கோயில்களில் பாடும் "கடலின் விண்மீன்" எப்படி வந்தது என்பதற்குப் பரவலாக ஏற்கப்படும் விளக்கம் இது: புனித ஜெரோம் லத்தீனில் "ஸ்தில்லா மாரிஸ்", கடல்துளி, என்று எழுதினார்; நகல் எடுத்தவர்கள் கையில் அது "ஸ்தெல்லா மாரிஸ்", கடலின் விண்மீன், ஆனது. ஓர் எழுத்து மாறியதால் பிறந்த பொருள் இத்தனை நூற்றாண்டு பக்தியைத் தாங்கி நிற்கிறது. அதைப் பிழை என்று ஒதுக்கவேண்டிய தேவை இல்லை. மூலப்பொருள் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

லூர்து ஊர்ப்பெயர். பிரான்சின் தெற்கே பிரனீஸ் மலையடிவாரத்தில் இருக்கும் ஊர். 1858-ல் நடந்த காட்சிகளால் உலகறிந்தது. வில்லியனூர் லூர்தன்னை வழியாக நம் வீடுகளுக்கு வந்தது. அந்த ஊர்ப்பெயரின் வேர் தீர்க்கப்படவில்லை.

சவரி, சவேரியார், சேவியர் மூன்றும் தெளிவான பெயர்கள். புனித பிரான்சிஸ் சவேரியார் பிறந்த கோட்டையின் பெயர். பாஸ்க் மொழியில் "எச்சே பெர்ரி", புது வீடு. புதுச்சேரியில் பிறந்த பிள்ளைக்கு எவ்வளவு பொருத்தம்.

பொருளும் உறுதி, இரு மதத்துக்கும் பொது என்று ஒரு பெயர் வேண்டுமா? பெரியநாயகி. திருப்பாதிரிப்புலியூரில் பாடலீஸ்வரர் கோயில் அம்பாள் பெயர் அதுவே. கோணாங்குப்பத்தில் வீரமாமுனிவர் கட்டிய கோயிலில் மாதாவின் பெயரும் அதுவே.

மூசா, ஜைனப் போன்ற பெயர்கள்?

மூசா, மோசே இரண்டும் ஒரே பெயர். விவிலியத்தின் யாத்திராகமம் "நீரிலிருந்து எடுத்தேன்" என்று எபிரேயச் சொல்லோடு இணைக்கிறது. எகிப்திய மொழியில் "மெஸ்" என்றால் பிறந்தவன். துத்மோஸ், ராம்சேஸ் என்ற அரசர் பெயர்களில் இருப்பது அதுவே என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். ஜைனபுக்கு "தந்தையின் அணி" என்று பிரிப்பது ஒரு விளக்கம். மணமுள்ள ஒரு மரத்தின் பெயர் என்பது இன்னொன்று.

பரங்கிப்பேட்டை, காரைக்கால் பக்கத்தில் பெயரோடு வரும் மரைக்காயரும் இப்படித்தான். "மரக்கலம்" என்ற தமிழ்ச் சொல்லா, படகைக் குறிக்கும் "மர்கப்" என்ற அரபுச் சொல்லா என்று இரு தரப்பு உண்டு. கப்பலோடு சம்பந்தப்பட்டது என்பதில் இரண்டும் ஒன்றுபடுகின்றன.

தூய தமிழ்ப் பெயர் வைத்தால் பொருள் சந்தேகமே இருக்காது அல்லவா?

குறையும், போய்விடாது.

சிதம்பரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். "சித்" என்றால் அறிவு, "அம்பரம்" என்றால் வெளி. சேர்ந்து ஞானவெளி என்பது ஒரு விளக்கம். தேவாரத்தில் வருவது "சிற்றம்பலம்", சிறிய அம்பலம். அதுவே சிதம்பரம் ஆனது என்பது மற்றொன்று. இரண்டாவதன்படி பார்த்தால் ஞானவெளி என்பது பெயர் திரிந்த பிறகு வந்து சேர்ந்த பொருள். கடலூருக்கும் இதே கதைதான். ஆறுகள் கூடும் ஊர் என்ற "கூடலூர்", ஆங்கிலேயர் வாயில் புகுந்து வந்து "கடலூர்" ஆனது. இன்று கடலை வைத்தே அதைப் புரிந்துகொள்கிறோம். தில்லையில் குழப்பமில்லை, பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் இன்றும் வளரும் தில்லை மரம்.

முருகனில் "முருகு" என்ற சொல்லுக்கு இளமை, அழகு, மணம், தேன் என்று லெக்சிகன் அடுக்குகிறது. எது முதலில் என்று அறுதியிட முடியாது, எதைச் சொன்னாலும் தவறாகாது.

மீனாவைத் தமிழா சமஸ்கிருதமா என்று கேட்பவர்கள் அதிகம். "மீன்" என்ற சொல்லை வடமொழியே திராவிடத்திலிருந்து எடுத்தது என்பது பெரும்பாலோர் கருத்து. பாரசீகத்தில் மீனா என்றால் நகைமேல் செய்யும் வண்ணப் பூச்சு. அது வேறு சொல்.

யாழினி, மகிழினி, தமிழினி எல்லாம் புதிதாகக் கட்டியவை. ஆனால் கட்டிய பொருள்களும் விதியும் தமிழே: தெரிந்த சொல்லோடு "இனி" என்ற பெண்பால் ஈறு. வனெஸ்ஸாவுக்கும் இவற்றுக்கும் இருக்கும் வேறுபாடு அது. கேட்டவுடன் யாழும் மகிழ்ச்சியும் தமிழும் தெரிகின்றன. புதுப்பெயர் வேண்டும் என்பவர்களுக்கு நாங்கள் முதலில் சொல்வது இந்த வழியைத்தான்.

குடும்பப் பெயர்களையும் மறக்கவேண்டாம். "பேரன்" என்ற சொல்லே "பெயரன்", தாத்தா பெயரைத் தாங்குபவன். திருவந்திபுரம் குலசாமி உள்ள வீடுகளில் தேவநாதனும் செங்கமலமும், திருப்பாதிரிப்புலியூர்ப் பக்கம் பாடலீஸ்வரனும் உண்டு. பாடலம் என்றால் பாதிரி மரம், கோயிலின் தலமரம். நீளமாக இருந்தால் "பாடலி" என்று கூப்பிடலாம்.

ஜோசியர் கொடுத்த எழுத்துக்கு நல்ல பொருளுள்ள பெயரே கிடைக்கவில்லை. ஏன்?

27 நட்சத்திரம், ஒவ்வொன்றுக்கும் 4 பாதம், மொத்தம் 108 எழுத்து. அந்த அட்டவணை வடமொழி ஒலிகளை வைத்து அமைந்தது. பரணிக்கு லி, லு, லே, லோ. ஆயில்யத்துக்கு டி, டு, டே, டோ. தமிழ் இலக்கணப்படி ட, ர, ல மூன்றும் சொல்லுக்கு முதலில் வராது. அதனால் அந்த எழுத்துகளில் தமிழ்ப் பெயர் தேடினால் கிடைக்காது. அந்த வெற்றிடத்தை நிரப்பத்தான் "டோ", "லே" என்று தொடங்கும் பொருளற்ற பெயர்கள் பட்டியலில் பெருகுகின்றன.

வழி இரண்டு. நட்சத்திர எழுத்தில் ஒரு பெயரைத் தொட்டிலில் காதில் ஓதிவிட்டு, சான்றிதழுக்கு வேறு பெயர் வைப்பது ஒன்று. இது பழைய வழக்கம்தான். அல்லது இராமன், இலக்குமி, அரங்கன் என்று முன்னால் உயிரெழுத்து சேர்க்கும் தமிழ் மரபைப் பின்பற்றுவது. ஜோசியரிடம் கேட்டால் "இ" சேர்ந்தாலும் "ல" ஒலிதான் கணக்கு என்று பலர் ஒப்புக்கொள்வார்கள்.

புதுச்சேரியில் ஒரே பெயரை வேறு மாதிரி எழுதுகிறார்களே?

பிரெஞ்சு வழக்கு. உகரத்துக்கு "ஓ", "யு" இரண்டெழுத்து, "ழ"வுக்கு "ஜே", "ன்" என்று முடியும் பெயருக்குக் கடைசியில் ஓர் "ஈ". அந்தக் கடைசி எழுத்து இல்லாவிட்டால் பிரெஞ்சுக்காரர் முருகனை மூக்கொலியாக "முருகொ(ங்)" என்பதுபோல் முடிப்பார். "ழ"வுக்கு "ஜே" போடுவதால்தான் பழனிவேல் ஆங்கிலத்தில் படிக்கும்போது "பஜனிவேல்" போல் தெரிகிறது. பொருள் தெரியாத பெயர் என்று சிலர் நினைப்பதில் பல, இப்படி எழுத்துக்கூட்டலில் மறைந்துபோன நல்ல தமிழ்ப் பெயர்கள்.

கடலூரில் பிறந்த தாய், புதுச்சேரி அப்பா என்றால் இரண்டு வழக்கும் ஒரே சான்றிதழில் மோதும். அப்பா பெயரை அவருடைய ஆவணத்தில் இருப்பதுபோலவே எழுத்து மாறாமல் எழுதுங்கள். குழந்தை பெயருக்கு ஒரு வழக்கைத் தேர்ந்து கடைசிவரை அதையே பின்பற்றுங்கள். பிரான்சில் படிக்கவோ குடியேறவோ வாய்ப்புள்ள வீடுகள் "ஹ"வில் தொடங்கும் பெயரை யோசித்து வையுங்கள்; அங்கே அது ஒலிக்காது, ஹரிணி "அரிணி" ஆவாள்.

பொருள் முடிவாகும்வரை பதிவைத் தள்ளிப்போடலாமா?

பிறப்பைத் தள்ளிப்போடக் கூடாது, பெயரைத் தள்ளிப்போடலாம். பிறப்பை 21 நாளுக்குள் பதியவேண்டும். பெயர் இல்லாமலே பதியலாம். பதிவான நாளிலிருந்து 12 மாதத்துக்குள் பெயர் சேர்க்கக் கட்டணம் இல்லை. அதற்குப் பிறகு 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். ஆகவே இரண்டு நாளில் இணையத்தில் பார்த்த பெயரை அவசரமாக ஏற்றவேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

பிறப்பு நடந்த இடத்தில்தான் பதிவாகும், குடியிருக்கும் இடத்தில் அல்ல. கடலூர்க்காரர் ஜிப்மரில் பிரசவித்தால் சான்றிதழ் புதுச்சேரியில்தான். பெயர் சேர்க்கவும் அங்கேதான் போகவேண்டும். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, பாஸ்போர்ட் போன்றவற்றில் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் இந்தச் சான்றிதழே ஆதாரம் என்பதால், இதில் ஏறும் எழுத்துதான் வாழ்நாள் எழுத்து.

பெயர் வைத்த பிறகு, பொருள் நாங்கள் நினைத்தது இல்லை என்று தெரிந்தது. மாற்றவேண்டுமா?

பொருள் இழிவானதாக இருந்தாலொழிய வேண்டாம். லாவண்யாவின் வேர் "லவணம்", உப்பு. உப்புச்சுவையிலிருந்து நயம், நயத்திலிருந்து அழகு என்று சொல் நகர்ந்தது. ஆங்கிலத்தில் இமோஜென் என்ற பெயர், ஷேக்ஸ்பியர் எழுதிய "இன்னோஜென்" 1623-ஆம் ஆண்டுப் பதிப்பில் தவறாக அச்சானதால் வந்தது என்று அறிஞர்கள் பலர் சொல்கிறார்கள். ஆனாலும் அந்தப் பெயரோடு தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் வாழ்கிறார்கள். அப்பர் பெருமானே திருவாமூரில் மருணீக்கியாராகப் பிறந்து, சமணத்தில் தருமசேனராகி, நாவுக்கரசராகி, அப்பரானவர்.

மாற்றியே ஆகவேண்டும் என்றால், எழுத்துப் பிழை என்று காட்ட முடிகிறதா என்று பாருங்கள். ஆரவ் என்பதில் ஒரு "ஏ" விட்டுப்போனது போன்றவற்றைப் பதிவாளரிடம் ஆவணம் காட்டித் திருத்தலாம். முற்றிலும் வேறு பெயர் என்றால் அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிடும் வழிக்குத்தான் போகவேண்டும். பள்ளியில் சேர்ப்பதற்கு முன்பே முடித்துவிடுங்கள். சேர்த்த பிறகு மாற்றினால் பள்ளிப் பதிவேடு, ஆதார், வங்கிக் கணக்கு என்று ஒவ்வொன்றாகத் திருத்த அலையவேண்டிவரும்.